மீற்றரும் அதன் வழுவும்

அளந்து கண்ட நீளத்துக்கும் உண்மை நீளத்துக்கும் உள்ள வேறுபாட்டை உண்மை நீளத்தால் வகுத்து நூறாற் பெருக்கினால் சதவீத வழு கிடைக்கும். கணக்கு எளிது, உண்மை நீளம் யாது என்பதே வினா. இவ்வினாவின் கடுமையை மீற்றரின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

வடமுனையிலிருந்து புவிமத்திய கோடுவரை செல்லும் நெடுங்கோட்டின் கோடியில் ஒரு பங்கே புதிய நீள அலகாதல் வேண்டுமென 1791ஆம் ஆண்டிற் பிரெஞ்சுத் தேசிய மன்று துணிந்தது. ஊருக்கோர் அளவுகோல் வழங்கிய நாட்டிற் பூமியையே அளவுகோலாக்கிய இவ்வெண்ணம் புரட்சிக் காலத்துக்கு ஏற்றதே. டங்கேர்க்குக்கும் பார்சலோனாவுக்கும் இடைப்பட்ட வில்லைத் தெலாம்பர், மெசேன் என்னும் வானியலாளர் இருவர் 1792 முதல் 1798 வரை முக்கோண முறையால் அளந்தனர். போர்க்காலமாதலின், கோபுரங்களிற் கருவிகளோடு நின்ற அவர்களை ஒற்றரென ஐயுற்றோரும் உளர்.

மெசேனின் துயரம் தனியானது. பார்சலோனாவில் ஈரிடங்களில் அவர் கண்ட அகலக்கோட்டு அளவுகள் ஏறத்தாழ 3 விகலை முரண்பட்டன. நிலத்தில் இது 90 மீற்றரளவினது. ஆயிரங் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வில்லில் 0.01 சதவீதமும் ஆகாது. ஆயினும் அவர் அதனை மறைத்து மனம் நொந்தார். மீண்டும் அளவைப்பணிக்குச் சென்ற ஸ்பானிய நாட்டில் 1804இற் காய்ச்சலால் மாண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த தெலாம்பரே பின்னர் அம்முரணைக் கண்டறிந்தார்.

பெரிய வழு வேறிடத்தில் இருந்தது. புவி முனைகளில் தட்டையாயிருக்கும் அளவை 334இல் ஒன்றெனக் கொண்டே அறிஞர் குழு அவ்வில்லிலிருந்து கால்வட்டத்தைக் கணித்தது. அது 298இல் ஒன்றென்பது இன்று தெளிவு. 1799இற் பிளாற்றினத்தால் அமைந்த மீற்றர்கொண்டு அளப்பின் அக்கால்வட்டம் 10,000,000 மீற்றரன்று, ஏறத்தாழ 10,002,000 மீற்றராகும். எனவே மீற்றர் 0.2 மில்லிமீற்றர் குறுகியது. சதவீத வழு 0.02.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 1740ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த பழைய அளவையைக்கொண்டு 1793இல் வகுத்த தற்காலிக மீற்றர், இறுதி மீற்றரிலும் 0.32 மில்லிமீற்றர் நீண்டது. அதன் வழுவோ 0.013 சதவீதமே. ஆறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வழுவைக் குறைக்காது கூட்டிவிட்டது! இதனைப் பழைய கருவிகளின் சிறப்பெனக் கொள்ளுதல் தகாது. மெசேனும் தெலாம்பரும் கையாண்டவை அவற்றினும் நுண்ணியவை.

1889இல் அப்பழைய கோலை ஒத்துச் செய்த புதிய கோல் உலகுக்குப் பொதுவாயிற்று. கோலே மீற்றரான பின்னர் அதற்கு வழு கூறுவார் யார்? 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு செக்கனின் 299,792,458இல் ஒரு பங்கிற் செல்லுந் தூரமே மீற்றர். 1799இல் நேர்ந்த 0.2 மில்லிமீற்றர்க் குறை அதனுள்ளும் அவ்வாறே இருக்கின்றது.