பழைய இறப்புப் பதிவைத் தேடிப் பெறுதல்: தமிழ்நாட்டுக் கிராமப் பதிவேடுகளை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

நேற்று இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குவது இன்று பெரிய வேலையில்லை. மருத்துவமனையே தகவல் கொடுத்துவிடுகிறது. சான்றிதழ் இணையத்தில் கிடைக்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காலமான தாத்தாவின் பெயரிலேயே பட்டா இன்னும் இருந்து, பேரப்பிள்ளைகள் பாகம் பிரிக்க உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாரிசுச் சான்றிதழ் கேட்டால் இறப்புச் சான்றைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் போனால், 'அந்த வருஷப் புத்தகத்தில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வருகிறது.

அப்படி இல்லையென்று சொல்லப்படும் பதிவுகளில் பல உண்மையில் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். இடம், நாள், பெயர் ஆகிய மூன்றையும் குடும்பம் ஒருவிதமாக நினைவில் வைத்திருக்கிறது. பதிவேடு வேறுவிதமாக எழுதி வைத்திருக்கிறது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்ப்பதே தேடலின் பெரும்பகுதி.

2. சட்டப் பின்னணி

1886-இல் வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், விரும்பியவர்கள் பதிந்துகொண்டார்கள். சென்னை மாகாணத்துக்கென 1899-இல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் பதிவு கட்டாயமாகவில்லை. நாடு முழுமைக்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, 1970 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பாளரும் தகவல் தரக் கடமைப்பட்டவர்கள்.

தேடுபவருக்கு முக்கியமானது இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பதிவேட்டில் ஓர் இறப்பைத் தேடச் சொல்லவும், அதன் நகலைப் பெறவும் அது 'எவருக்கும்' உரிமை தருகிறது. கட்டணம் செலுத்தினால் போதும். இறப்பின் காரணத்தை மட்டும் நகலில் வெளியிடக் கூடாது. இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு போகிறவர் அலுவலகத்தில் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை.

3. இடம்

இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். இறந்தவர் குடியிருந்த ஊரிலோ, அடக்கம் செய்த ஊரிலோ அல்ல. பலரும் தவறுவது இங்கேதான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் உயிர்விட்டிருந்தால், உடலை ஊருக்குக் கொண்டுபோய் எரித்திருந்தாலும் பதிவு மதுரை மாநகராட்சி எல்லைக்குள்தான். கடைசிக் காலத்தில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடியவர்களின் பதிவு மகள் ஊரில் இருக்கும். ஓடும் வண்டியில் இறந்தால், வண்டி அடுத்து நின்ற முதல் இடத்தில் தகவல் தர வேண்டும் என்கிறது விதி. எனவே 'எங்கே எரித்தோம்' என்பதை விட்டுவிட்டு, 'உயிர் எங்கே பிரிந்தது' என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.

கிராமத்தில் இன்றைய பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.). நகரங்களில் இப்பணி உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980-இல் ஒழிக்கப்படும் வரை கிராம முன்சீப்தான் பதிவேட்டை எழுதினார். அந்தப் பழைய புத்தகங்களை இன்றைய வி.ஏ.ஓ.விடம் எதிர்பார்ப்பது வீண். அவை வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும். ஓர் அலுவலகத்தில் இல்லையென்றால் மற்றதில் கேட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

4. நாள்

நம் குடும்பங்களில் இறந்த நாளை ஆங்கிலத் தேதியாக யாரும் நினைவில் வைப்பதில்லை. திதி கொடுப்பவர்களுக்கு மாதமும் பட்சமும் திதியும்தான் தெரியும். 'பிங்கள வருஷம், ஆடி மாசம், வளர்பிறைப் பஞ்சமி' என்று பாட்டி சொல்வதை வைத்துப் பதிவேட்டில் தேட முடியாது. ஆனால் அந்த மூன்று சொல்லும் துல்லியமான சான்று. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். ஆகவே அந்தப் பிங்கள வருடம் 1977 ஏப்ரலில் தொடங்கியது. அடுத்த பிங்கள 2037-இல்தான். அந்த ஆடியின் வளர்பிறைப் பஞ்சமி 1977 ஜூலை 20-ஐ ஒட்டி வருகிறது. பழைய பஞ்சாங்கம் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். பதிவேட்டில் நள்ளிரவிலிருந்து தொடங்கும். விடியற்காலை இரண்டு மணிக்குக் காலமானவரை வீட்டார் 'செவ்வாய்க்கிழமை ராத்திரி' என்பார்கள். பதிவேடு புதன்கிழமைத் தேதியைக் காட்டும். அதனால் கண்டெடுத்த தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும்.

கருமாதிப் பத்திரிகை ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தால் அதைவிட நல்ல துணை வேறில்லை. தேவாலய அடக்கப் பதிவேடு, ஜமாஅத் குறிப்பு, கல்லறைக் கல், நகரத்து மயான ரசீது ஆகியவையும் நாளைக் குறுக்க உதவும்.

5. பெயர்

குடும்ப அட்டையில் பேச்சியம்மாள் என்று இருப்பவர் முன்சீப் எழுதிய புத்தகத்தில் 'பேச்சி'யாக இருக்கலாம். சுப்பையாவும் சுப்பய்யாவும் சுப்பனும் ஒருவராகவே இருக்கலாம். ஆணுக்குத் தகப்பன் பெயரையும், பெண்ணுக்குக் கணவன் பெயர், தகப்பன் பெயர் இரண்டையும் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. கூப்பிட்ட பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். அகரவரிசை அட்டவணையை மட்டும் பார்த்து இல்லையென்பவரிடம், நாள்வரிசையில் அந்த மாதத்துப் பக்கங்களைப் பார்க்கும்படி கேட்கலாம். பெயர் பிழையாகப் பதிந்திருந்தால், தக்க ஆதாரத்தோடு திருத்தம் கோர 1969 சட்டத்தின் 15-ஆம் பிரிவு வழி செய்கிறது.

6. விண்ணப்பம்

தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வசூலிக்கப்படும். 'எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம்' என்று கேட்டால் பத்து ஆண்டுக்குப் பணம் கட்ட வேண்டும், பார்ப்பவரும் அலுத்துப்போவார். நாளைக் குறுக்கிய பிறகே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கிடைத்தால் படிவம் 6-இல் இறப்புச் சான்றிதழ் தருவார்கள். வெளிநாட்டில் இறந்த இந்தியக் குடிமகனின் பதிவை ஊரில் தேடிப் பயனில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

7. பதிவே இல்லாதபோது

உண்மையிலேயே பதியாமல் விட்ட இறப்புகளும் உண்டு. கிராமத்தில், அதுவும் வீட்டில் இறந்த பெண்கள் விஷயத்தில் குறிப்பாக. மகனுக்குச் சொத்து எழுதிய தகப்பனின் சாவைப் பதிந்தவர்கள், பெயரில் எதுவும் இல்லாத தாயின் சாவைப் பதிய அவசரப்படவில்லை. அவளுடைய பிள்ளைகள் இன்று அவள் பிறந்த வீட்டுப் பங்கைக் கேட்கும்போது அந்த அலட்சியம் குறுக்கே நிற்கிறது.

ஓராண்டுக்கு மேல் கடந்த இறப்பைப் பதிய, முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. இப்போது, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, அந்த அதிகாரம் மாவட்ட, உட்கோட்ட நிர்வாக நடுவர்களிடமும், மாவட்ட நடுவர் அதிகாரமளித்த செயல்துறை நடுவர்களிடமும் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தை அணுகலாம். அங்கே முதலில் கேட்பது, பதிவு இல்லை என்பதற்கான சான்று. அதற்கென்றே படிவம் 10 இருக்கிறது. வாய்வார்த்தையாகச் சொன்ன 'இல்லை' எந்த அலுவலகத்திலும் செல்லாது. ஆகவே பதிவு கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டால், எந்தெந்த ஆண்டுகள் தேடப்பட்டன என்ற விவரத்தோடு அந்தப் படிவத்தைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.