சாவியின்றித் திறக்கப்படும் பூட்டு

சாவியைப் பயன்படுத்தாமல், மெல்லிய கம்பிகளால் பூட்டின் உள்ளுறுப்புகளை நகர்த்தித் திறப்பது இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காகவும் போட்டியாகவும் நடைபெறுகிறது. உடைக்காமல் திறப்பதால் பூட்டுக்குக் கேடு இல்லை என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து முழுவதும் சரியன்று. கம்பி நுழைந்த பூட்டு வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே தேய்வடைகிறது. கையால் செய்யப்பட்ட திண்டுக்கல் பூட்டு போன்றவற்றில் இத்தேய்வைச் சரிசெய்வது மிகக் கடினம்.

லண்டன் சோதனை

1818இல் இங்கிலாந்தின் ஜெரமையா சப், ‘காட்டிக்கொடுக்கும் பூட்டு’ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கள்ளச்சாவியோ கம்பியோ உள்ளே ஒரு தகட்டை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். அடுத்த முறை திறக்க வரும் உரிமையாளர், யாரோ கைவைத்திருப்பதை அறிந்துகொள்வார்.

1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியின்போது, அமெரிக்கரான ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் இப்பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பின்னர், பல ஆண்டுகளாக 200 கினி பரிசு அறிவிக்கப்பட்டிருந்த பிராமா பூட்டைத் திறக்க முற்பட்டார். அதற்கு 16 நாள்களில் 51 மணி நேரம் தேவைப்பட்டது. முடிவில் உரிய சாவியைப் போட்டுப் பார்த்தபோது அதுவும் தடையின்றி வேலை செய்தது. திறப்பது மட்டுமன்றி, பூட்டு கெடாமல் இருப்பதும் திறமையின் அளவுகோலாக அன்றே கொள்ளப்பட்டது. எனினும், சாவி சுழல்வதால் மட்டும் உள்ளே தேய்வு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

திண்டுக்கல் பூட்டு

தமிழகத்தில் பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். நூறாண்டுக்கும் மேலாக அந்நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இத்தொழில் நடந்துவருகிறது. மாங்காய்ப் பூட்டு இதன் அறியப்பட்ட வகைகளுள் ஒன்று. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இப்பூட்டுக்குள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. சரியான சாவியின் பற்கள் தகடுகளை உரிய உயரத்துக்குத் தூக்கினால் வெட்டுகள் ஒரே நேராக வரும். தாழிலுள்ள முளை அவற்றின் ஊடே நகர, பூட்டு திறக்கும். கைவேலைப் பூட்டில் தொழிலாளி அரத்தால் அராவி, தகடுகளையும் சாவியையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்கிறார். ஆகவே ஒரு பூட்டின் தகடு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தேய்வு ஏற்படும் விதம்

சாவியால் திறக்கும்போது தகடுகள் முதலில் உயர்கின்றன. அதன் பிறகே தாழ் நகர்கிறது. கம்பியால் திறப்பவரோ தாழைத் திறக்கும் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறார். அப்போது முளை தகடுகளின் விளிம்பில் அழுந்தி உராய்கிறது. மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்தால் வெட்டின் கூர்மையான ஓரம் மழுங்கும். அளவுக்கு மீறித் தூக்கினால் ஸ்பிரிங் தளரும் அல்லது ஒடியும். கம்பியின் முனை முறிந்து உள்ளே சிக்குவதும் உண்டு. பிறகு சாவியே நுழையாது.

இன்று வீட்டுக் கதவுகளில் பரவலாக உள்ள ஊசி வகைப் பூட்டுகளிலும் இதே நிலைதான். அவற்றின் ஊசிகள் பெரும்பாலும் பித்தளை. திறக்கும் கம்பியோ எஃகு. மென்மையான பித்தளையில் கீறல் விழுகிறது. சாவி உண்டாக்கும் தேய்விலிருந்து இக்கீறல் வேறுபட்டிருப்பதால், திருட்டு வழக்குகளில் தடயவியலாளர் இதை உருப்பெருக்கியில் ஆராய்கின்றனர்.

துரு இக்கேட்டை மிகுவிக்கும். தென்காசி, குற்றாலம், சுந்தரபாண்டியபுரம் வட்டாரத்தில் சாரல் காலத்து ஈரக்காற்று இரும்பு உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். இறுகிப்போன தகட்டைக் கம்பியால் நெம்பினால் அது எளிதில் வளைந்துவிடும். அத்தகைய பூட்டை முதலில் துப்புரவு செய்து, தகுந்த மசகு இட்டு, உரிய சாவியால் மெல்ல அசைத்துப் பார்ப்பதே முறை.

பொழுதுபோக்கின் விதிகள்

1997இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பூட்டுத் திறப்பு ஆர்வலர்களுக்கான சங்கம் உருவானது. பின்னர் பிற நாடுகளிலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. ஆர்வலர்களிடையே இரண்டு விதிகள் நிலைபெற்றுள்ளன: உரிமையாளரின் இசைவின்றி எந்தப் பூட்டையும் தொடக்கூடாது, பயன்பாட்டில் உள்ள பூட்டைத் திறந்து பழகக்கூடாது. முதல் விதி நேர்மை பற்றியது. இரண்டாவது விதிக்குக் காரணம் மேற்கண்ட தேய்வே. பழகுவதற்கென்று விலை குறைந்த, மாற்று உறுப்புகள் கிடைக்கும் பூட்டுகளையே அவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

தமிழகத்தின் பழைய வீடுகளிலும் பெட்டகங்களிலும் தொங்கும் கைவேலைப் பூட்டுகளுக்கு இவ்விதி மேலும் பொருந்தும். இயந்திரத்தில் செய்யப்படும் மலிவான பூட்டுகளின் போட்டியால் திண்டுக்கல்லில் கைவேலை செய்வோர் குறைந்துவிட்டனர். அப்பூட்டில் ஒரு தகடு வளைந்தால், அதற்கேற்ப இன்னொன்றை அராவித் தரும் கை தேவை. அந்தக் கைகள் அரிதாகிவரும் நிலையில், சாவி தொலைந்த பழைய பூட்டைக் கம்பியால் குடைவதைவிட, தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சாவி செய்துகொள்வதே பூட்டைக் காக்கும் வழி.