பனிக்காலத்தில் பேட்டரி காத்த கதை

அமெரிக்காவின் வட மாநிலங்களில் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள் அக்டோபர் பிறந்ததும் வண்டியின் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிடுகிறார்கள். அடுத்த வேலை பேட்டரி. சிலர் அதைக் கழற்றி வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோகிறார்கள். சிலர் வண்டியிலேயே விட்டுச் சிறு சார்ஜரை மாட்டிவைக்கிறார்கள். இந்த வழக்கம் மோட்டார் ஹோமைவிட வயதில் மூத்தது. அதற்குக் காரணமான வேதியியல் இன்னும் மூத்தது.

1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் மின்கலத்தைச் செய்தார். 1881-இல் காமில் ஃபோர், ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். பேட்டரி தொழிற்சாலைச் சரக்கானது அதன் பிறகுதான். சார்ஜ் இறங்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் பெரிய படிகங்களாக இறுகும். அப்புறம் எளிதில் கரையாது.

குளிரே பேட்டரியைக் கொல்கிறது என்று பலர் நினைப்பது பாதி உண்மைதான். முழு சார்ஜ் உள்ள பேட்டரியின் அமிலம் (அடர்த்தி எண் 1.280) ஏறத்தாழ மைனஸ் 68 பாகை செல்சியஸில்தான் உறையும். சார்ஜ் இறங்கி 1.100-ஐத் தொட்ட அமிலமோ மைனஸ் 8 பாகையிலேயே உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும். முழு சார்ஜோடு இருக்கும் பேட்டரிக்குக் குளிர் ஒருவகையில் நல்லது: வெப்பநிலை 10 பாகை குறையும்போதெல்லாம், பேட்டரி தானாக இறங்கும் வேகம் சுமார் பாதியாகிறது.

காருக்குள் பேட்டரி இன்றியமையாததாகத் தொடங்கியது 1912-இல். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரை அந்த ஆண்டு கேடிலாக் கார்களில் பொருத்தினார்கள். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் காலம் முடியத் தொடங்கியது. அந்த முதல் வண்டிகளுக்கு பேட்டரி கொடுத்தது பிலடெல்பியாவின் எலெக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி. தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் காணும் ‘எக்சைடு’ என்ற பெயர் பிறந்தது இந்தக் கம்பெனியில்தான்.

அன்றைய கார்களில் பெரும்பாலானவை மேலே துணிக்கூரை மட்டும் கொண்ட திறந்த வண்டிகள். ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர். கிராமப்புறச் சாலைகளில் பனியை அள்ள ஆளில்லை. ஆகவே வட மாநிலத்துக்காரர்கள் முதல் பனி விழுமுன் காரைக் கொட்டிலில் ஏற்றி, டயர் தரையில் படாதபடி அச்சின் கீழ் மரக்கட்டை கொடுத்து, மார்ச் வரை பூட்டிவைத்தார்கள். பேட்டரி மட்டும் ஊரிலுள்ள பேட்டரி கடைக்குப் போனது. உரிமையாளர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, கட்டணம் பேசி ஒப்படைப்பார்கள். வேலையில்லாமல் கிடக்கும் பனி மாதங்களில் கடைக்காரருக்கு இது நிச்சய வருமானம். 1920-களில் வெளிவந்த தொழில் கையேடுகள் இதற்கென்று தனிப் பகுதியே ஒதுக்கின.

பாதுகாப்பில் இரண்டு முறைகள் இருந்தன. ஈர முறையில் பேட்டரியை அமிலத்தோடே அலமாரியில் அடுக்கி, மாதம் ஒருமுறையாவது ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்து, காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றுவார்கள். மாறுமின்னோட்டத்தை சார்ஜுக்கு வேண்டிய நேர்மின்னோட்டமாக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ‘டங்கர்’ விளக்கு உதவியது. டங்ஸ்டன், ஆர்கான் என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டிச் செய்த சொல் அது. ஊதா ஒளியோடு எரியும் அந்தக் கண்ணாடிக் குமிழ், வரிசையாகக் கோத்த பல பேட்டரிகளுக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றியது.

உலர் முறை ஏறக்குறைய ஓர் அறுவை சிகிச்சை. முதலில் முழு சார்ஜ் ஏற்ற வேண்டும். பிறகு மூடியைச் சுற்றியுள்ள தாரை உருக்கி, ஈய இணைப்புகளை அறுத்து, தகடுகளை வெளியே எடுப்பார்கள். நேர்த்தகட்டைக் கழுவிக் காயவைத்தால் போதும். எதிர்த்தகடுதான் தொல்லை: அதிலுள்ள பஞ்சு போன்ற ஈயம் காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து சூடேறும், சூடு அடங்கும்வரை திரும்பத் திரும்பத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். தகடுகளுக்கிடையே இருந்த மரத் தடுப்புகள் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் வசந்தத்தில் புதிதாகப் போட்டார்கள். கிளீவ்லாந்தின் வில்லர்டு கம்பெனி நூலிழைகள் ஊடுருவிய ரப்பர் தடுப்பைக் கண்டுபிடித்து, ‘எலும்பாய் உலர்ந்த’ பேட்டரியைக் கடைகளுக்கு அனுப்ப முடியும் என்று விளம்பரம் செய்தபோது குறிவைத்தது இந்தச் சிக்கலைத்தான். (அதே கம்பெனி 1923-இல் கிளீவ்லாந்தில் ஒரு வானொலி நிலையமும் தொடங்கியது, அப்போது வானொலிப் பெட்டிகளும் பேட்டரியில்தான் ஓடின.)

பேட்டரியை சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் போய்விடும் என்ற நம்பிக்கையும் அந்தக் கடைகளின் காலத்தது. மரப்பெட்டிக்குள் வைத்த பேட்டரிக்கு ஈரத்தரை உண்மையிலேயே கேடு செய்தது. இன்றைய பாலிபுரொப்பிலீன் பெட்டிக்கு அந்த பயம் கிடையாது. நம்பிக்கை மட்டும் போகவில்லை.

கடைக்காரரின் இந்தக் குளிர்கால வருமானத்தைக் காரே அழித்தது. 1919-இல் அமெரிக்கக் கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய வண்டி. 1927-இல் பத்தில் எட்டுக்கு மேல். அதே 1927-இல் எத்திலீன் கிளைக்கால் கலந்த ‘பிரஸ்டோன்’ உறைவுத்தடுப்புத் திரவம் விற்பனைக்கு வந்தது. கார்கள் ஆண்டு முழுவதும் ஓடின. பேட்டரியை அவற்றின் ஜெனரேட்டரே பார்த்துக்கொண்டது. பனிக்கால ஒப்படைப்பு படகுகளோடும் பண்ணை இயந்திரங்களோடும் சுருங்கிப்போனது.

அந்த வழக்கத்துக்கு மறுபிறவி கொடுத்தது மோட்டார் ஹோம். 1966-இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ கம்பெனி மோட்டார் ஹோம்களை வரிசை உற்பத்தியில் செய்து விலையைக் குறைத்தது. பனி கொட்டும் வட அயோவாவில் உருவான வண்டி அது; ஆனாலும் கோடைக்கானது. வசதியுள்ள ஓய்வுபெற்றவர்கள் பனிக்காலத்தில் அதை வெப்பமான அரிசோனாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஆறு மாதம் கொல்லையில் நிறுத்தினார்கள். வண்டியில் இப்போது இரண்டு வகை பேட்டரி: எஞ்சினைக் கிளப்ப ஒன்று, விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் ‘வீட்டு’ பேட்டரி. பின்னதற்கு ஆழமாக இறங்கித் திரும்ப ஏறும் தடித்த தகடு தேவை. கால்ஃப் மைதான வண்டிக்காகச் செய்த 6 வோல்ட் பேட்டரிகளில் இரண்டை இணைத்து 12 வோல்ட் ஆக்குவது பலரின் வழியானது.

தடித்த தகட்டின் ஈயச் சட்டத்துக்கு உறுதி தர ஆன்டிமனி கலப்பார்கள். அந்த ஆன்டிமனியே பேட்டரி தானாக இறங்குவதை வேகப்படுத்துகிறது. போதாததற்கு, நிறுத்திவைத்த வண்டியும் சும்மா இருப்பதில்லை. சமையல் வாயுக் கசிவை உணரும் கருவி, ரேடியோவின் நினைவகம் என்று சிறுசிறு செலவுகள். எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி ஆகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மாதத்துக்குள் காலி. எதிர் முனைக் கம்பியைக் கழற்றிவிடு என்ற பழைய அறிவுரை இன்றும் செல்லுபடியாவது இதனால்தான்.

வண்டியை வீட்டு மின்சாரத்தில் செருகிவைத்தவர்களுக்கு வேறு தொல்லை வந்தது. வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பழைய கன்வெர்ட்டர்கள் இரவும் பகலும் 13.8 வோல்ட்டைச் சுற்றி ஒரே அழுத்தம் கொடுத்தன. மாதக்கணக்கில் அப்படி விட்டால் தண்ணீர் வாயுக்களாகப் பிரிந்து வெளியேறி, தகடு வெளியே தெரியும். கவனிக்காமல் விட்டதைவிட, அரைகுறையாகக் கவனித்ததால் கெட்ட பேட்டரிகளும் உண்டு. பின்னாளில் வந்த மின்னணு சார்ஜர் முதலில் 14.4 வோல்ட் அளவில் ஏற்றி, பிறகு 13.6-க்கும், ஓய்வில் 13.2-க்கும் தானாக இறங்கியது. 1920-களின் கடைக்காரர் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து எடுத்த முடிவை இப்போது ஒரு சில்லு எடுத்தது. ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்த ஈயமும் (பெல் ஆய்வுக்கூடத்தார் 1935-இல் முன்வைத்தது) அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் ஊறவைத்த மூடிய பேட்டரிகளும் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பெரும்பாலும் நீக்கின.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்ததும் விதி தலைகீழானது. இந்தக் கலவையை ஜான் குட்இனஃப் குழுவினர் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களின் நடுவில் கண்டறிந்தார்கள். இதில் சல்பேட் படிவதில்லை. நீண்ட காலம் வைக்க முழு சார்ஜும் வேண்டாம். பாதி அளவே நல்லது. ஆனால் செல்கள் 0 பாகைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். மூன்று தலைமுறைகள் சொல்லிவந்த ‘பனிக்காலம் முழுக்க சார்ஜரில் போடு’ என்ற அறிவுரை இந்த பேட்டரிக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் சில லித்தியம் பேட்டரிகளைச் சூடேற்றும் பட்டையோடே விற்கிறார்கள்: சார்ஜர் தரும் மின்சாரம் முதலில் செல்களைச் சூடாக்கும், அவை உறைநிலையைத் தாண்டிய பிறகே சார்ஜ் ஏறத் தொடங்கும்.