வீச்சைக் குறைத்து வேகம் கூட்டிய எஞ்சின்

1959-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஃபோர்டு நிறுவனம் 'ஆங்கிலியா 105-இ' என்னும் சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுத்தரக் குடும்பத்தார் கடைவீதிக்கும் கடற்கரைக்கும் போய்வர ஏற்ற கார் அது. அதன் எஞ்சினின் கொள்ளளவு 997 கன செ.மீ. மட்டுமே. நிமிடத்திற்கு 5,000 சுற்றுகள் சுழலும்போது அது 39 குதிரைத் திறனைத் தந்தது. இதில் யாரும் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் அடுத்த ஆண்டே இந்த எஞ்சின் பந்தயக் கார்களில் ஏறி 75 குதிரைத் திறனைத் தந்தது. அதே குடும்பத்து எஞ்சின் ஒன்றின் மீது புதிய தலைப்பகுதி பொருத்தப்பட்டபோது, 1.6 லிட்டரிலிருந்து 218 குதிரைத் திறன் கிடைத்தது. காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி எதுவும் அதில் இல்லை. வளிமண்டல அழுத்தத்தில் தானே மூச்சிழுக்கும் எஞ்சின்தான் இத்தனையும் செய்தது. இது எப்படி இயன்றது? இதற்கான விடையில் இயற்பியலும் இருக்கிறது; சற்றே வேடிக்கையான ஒரு வரிச் சட்டத்தின் வரலாறும் இருக்கிறது.

திறன் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சின் ஒருவகைக் காற்றுப் பம்புதான். உள்ளே இழுக்கும் காற்றின் அளவுக்கேற்பவே அது பெட்ரோலை எரிக்க முடியும். ஒரு முறை சிலிண்டர் நிறையும்போது கிடைக்கும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை விதிப்பது வெளியே உள்ள வளிமண்டலம். ஆகவே கொள்ளளவையும் கூட்டாமல், காற்றையும் திணிக்காமல் திறனைப் பெருக்க இரண்டே வழிகள்தாம் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு முறையும் சிலிண்டரை நன்றாக நிரப்புதல். மற்றொன்று, ஒரு நிமிடத்தில் அதிக முறை நிரப்புதல், அதாவது சுழற்சியைக் கூட்டுதல்.

சுழற்சியைக் கூட்டுவது எளிதெனத் தோன்றலாம். ஆனால் பிஸ்டன் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. அதை நிறுத்தித் திருப்பத் தேவைப்படும் முடுக்கம் சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயரும். ஆங்கிலியா எஞ்சினில் பிஸ்டனின் வீச்சு 48.4 மி.மீ. 5,000 சுற்றுகளில் பிஸ்டனின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 680 மடங்கு. 9,000 சுற்றுகளில் அது ஏறத்தாழ 2,200 மடங்காகிறது. இணைப்புத் தண்டின் சாய்வைக் கணக்கில் சேர்த்தால் மேல்முனையில் இது இன்னும் கூடும்.

பிஸ்டனின் நிறை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 9,000 சுற்றுகளில் இணைப்புத் தண்டை 650 கிலோகிராம் எடைக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கும். அதுவும் புகைபோக்கும் வீச்சின் முடிவில், எதிரே அழுத்திப் பிடிக்க வாயு அழுத்தம் இல்லாத நேரத்தில் இந்த இழுவை முழுவதையும் தண்டும் அதன் இரு திருகாணிகளும் தாங்கவேண்டும். வேக எஞ்சின்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. உடைந்த தண்டு எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு.

வரி வகுத்த வடிவம்

இங்கிலாந்தில் 1921 முதல் கார்களுக்கு ஒரு குதிரைத் திறனுக்கு ஒரு பவுன் வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. ஆனால் இந்தக் குதிரைத் திறன் எஞ்சினைச் சுழலவிட்டு அளக்கப்பட்டதன்று; சூத்திரத்தால் கணக்கிடப்பட்டது. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, இருமடியாக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுக்க வேண்டும். சூத்திரத்தில் வீச்சு என்ற சொல்லே கிடையாது!

விளைவு என்ன? எஞ்சின் அமைப்போர் விட்டத்தைச் சுருக்கி வீச்சை நீட்டினர். வரி கூடாமல் கொள்ளளவு கூடியது. ஃபோர்டின் புகழ்பெற்ற 1,172 கன செ.மீ. எஞ்சினின் விட்டம் 63.5 மி.மீ., அதாவது 2.5 அங்குலம். சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள்: சரியாக 10 குதிரைத் திறன் வரும். அதன் வீச்சோ 92.5 மி.மீ. குறுகிய குழாயில் நெடுந்தூரம் ஓடும் பிஸ்டன்! வால்வுகளை அகலமாக வைக்க இடமில்லை; சுழற்சியைக் கூட்டவும் வழியில்லை.

இந்த வரிமுறை 1947-48-இல் கைவிடப்பட்டது. ஆயினும் பழைய அளவுகள் உடனே மறையவில்லை. 1953-இல் வந்த ஆங்கிலியாவிலும் 63.5-க்கு 92.5 என்ற அளவே இருந்தது. அது 4,500 சுற்றுகளில் 36 குதிரைத் திறன் தந்தது. 1959-இல்தான் ஃபோர்டு பொறியாளர்கள் முற்றிலும் மாறிய எஞ்சினை அமைத்தனர். விட்டம் 80.96 மி.மீ., வீச்சு 48.41 மி.மீ. பழைய சூத்திரப்படி இதற்கு 16 குதிரைத் திறனுக்கு மேல் வரி கட்ட நேர்ந்திருக்கும். கொள்ளளவில் சிறிய எஞ்சினுக்குக் கூடுதல் வரி! ஆகவே பழைய சட்டம் நீடித்திருந்தால் இந்த எஞ்சின் பிறந்திருப்பது அரிது.

சுற்றைக் காட்டிலும் வேகமே அளவுகோல்

இரு எஞ்சின்களையும் ஒப்பிட, நிமிடச் சுற்றுகளைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்று உண்டு. அது பிஸ்டனின் சராசரி வேகம். ஒரு சுற்றில் பிஸ்டன் வீச்சைப் போல் இருமடங்கு தூரம் செல்கிறது. எனவே வீச்சை 2 ஆல் பெருக்கி, ஒரு வினாடியில் சுற்றும் சுற்றுகளால் பெருக்கினால் இவ்வேகம் கிடைக்கும்.

பழைய ஆங்கிலியா எஞ்சினில் 4,500 சுற்றுகளில் இவ்வேகம் வினாடிக்கு 13.9 மீட்டர். புதிய எஞ்சினில் 5,000 சுற்றுகளில் 8.1 மீட்டர்தான். பழையது தொட்ட 13.9 மீட்டரைப் புதியது தொடவேண்டுமானால் 8,600 சுற்றுகள் சுழல வேண்டும்! குடும்பக் காருக்காக 5,000 சுற்றுகளில் நிறுத்தப்பட்ட அந்த எஞ்சினுக்குள் எவரும் எடுத்துப் பயன்படுத்தாத ஒரு பெரும் இருப்பு உறங்கிக் கிடந்தது.

இந்த அளவுகோல் ஏன் நம்பத்தக்கது? ஓர் எஞ்சினின் எல்லா அளவுகளையும் பாதியாகக் குறைத்து, இருமடங்கு சுழற்சியில் ஓட்டுவதாகக் கொள்வோம். பிஸ்டனின் வேகம் மாறாது. உலோகத்தில் நிலைமத்தால் தோன்றும் தகைவும் மாறாது. ஆனால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் திறன் இருமடங்காகும்.

1912-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தில் வென்ற பெஜோ காரின் எஞ்சின் 7.6 லிட்டர் கொள்ளளவுடையது. வீச்சு 200 மி.மீ. அது ஏறத்தாழ 2,200 சுற்றுகளே சுழன்றது. அதன் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 14.7 மீட்டர். 9,000 சுற்றுகளில் சுழலும் ஆங்கிலியா எஞ்சினின் பிஸ்டன் வேகமோ 14.5 மீட்டர். ஒன்று முழங்குகிறது, மற்றொன்று கிரீச்சிடுகிறது. உலோகத்திற்கு இரண்டும் ஒன்றே.

டக்வொர்த்தும் காஸ்டினும்

இந்த இருப்பைக் கண்டுகொண்டவர்களுள் முதன்மையானவர் கீத் டக்வொர்த். 1933-இல் பிளாக்பர்னில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் பயின்றவர். லோட்டஸ் பந்தயக் கார் நிறுவனத்தில் பணியாற்றியபோது மைக் காஸ்டின் என்பவருடன் நட்புக் கொண்டார். இருவரும் 1958-இல் தங்கள் பெயர்களை இணைத்துக் 'காஸ்வொர்த்' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர்.

அக்காலத்தில் 'ஃபார்முலா ஜூனியர்' என்னும் பந்தய வகை தோன்றியிருந்தது. விற்பனையில் உள்ள கார்களின் எஞ்சினையே அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் விதி. டக்வொர்த் ஆங்கிலியா எஞ்சினை எடுத்துக்கொண்டார். கேம் தண்டின் வடிவத்தை மாற்றினார். அமுக்க விகிதத்தை உயர்த்தினார். இரட்டை வெபர் கார்புரேட்டர்களைப் பொருத்தினார். 1960 மார்ச் 19 அன்று குட்வுட் களத்தில் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் கார் இந்த எஞ்சினுடன் முதலிடம் பெற்றது. எஞ்சின் 1,098 கன செ.மீ. ஆகப் பெரிதாக்கப்பட்ட பின் அதன் திறன் படிப்படியாக 110 வரை உயர்ந்தது.

இதில் கேம் தண்டின் பங்கைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். 9,000 சுற்றுகளில் பிஸ்டன் கீழிறங்க எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் முந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டும். ஆகவே வால்வு முன்னதாகத் திறந்து, பிஸ்டன் மேலே திரும்பிய பின்னும் சிறிது நேரம் திறந்தே இருக்கவேண்டும். குழாயில் விரைந்து வரும் காற்று தன் நிலைமத்தால் தொடர்ந்து உள்ளே புகும். ஆனால் மெதுவாகச் சுழலும்போது காற்றுக்கு அந்த வேகம் இராது. உள்ளே வந்த காற்று வெளியே தள்ளப்படும். எனவேதான் இத்தகைய எஞ்சின்கள் தாழ்ந்த சுழற்சியில் தடுமாறுகின்றன.

நான்கு வால்வுகளின் நன்மை

வால்வுக்கும் பிஸ்டனைப் போன்ற இடர் உண்டு. கேம் தண்டு தள்ளித் திறக்கும் வால்வைச் சுருள்வில்தான் திருப்பி மூடவேண்டும். சுழற்சி 1.8 மடங்கானால் தேவைப்படும் வில்விசை 3.24 மடங்காகும். வில் தோற்றுவிட்டால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். பிஸ்டனில் மோதவும் கூடும்.

இதற்குத் தீர்வு பெரிய வால்வுக்குப் பதிலாக இரு சிறிய வால்வுகள். 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு வால்வின் சுற்றளவு ஏறத்தாழ 126 மி.மீ. 30 மி.மீ. விட்டமுள்ள இரண்டின் மொத்தச் சுற்றளவு 188 மி.மீ. வால்வு சிறிதே உயர்ந்திருக்கும்போது காற்று நுழைவது இந்தச் சுற்றளவின் வழியேதான். ஆகவே வழி ஒன்றரை மடங்காகிறது. ஒவ்வொரு வால்வின் நிறையோ பாதிக்கும் குறைவு.

1912-இன் பெஜோவிலேயே நான்கு வால்வுகள் இருந்தன. ஆனால் பின்னர் வந்த அமைப்பாளர் பலர் இரண்டு பெரிய வால்வுகளை அகன்ற கோணத்தில் சாய்த்து வைப்பதையே விரும்பினர். அதனால் எரியறை ஆழமாகி, அமுக்கத்திற்காகப் பிஸ்டனின் தலையைக் குன்றுபோல் உயர்த்த நேர்ந்தது. டக்வொர்த் நான்கு வால்வுகளை மீண்டும் எடுத்து, அவற்றிடையே உள்ள கோணத்தைச் சுருக்கினார். எரியறை தட்டையாயிற்று, நடுவில் ஒரே ஸ்பார்க் பிளக். தீச்சுடர் எல்லாப் பக்கமும் விரைந்து பரவியது. 1966-இல் உருவான இந்த எஞ்சினே எஃப்.வி.ஏ. ஃபோர்டு கோர்ட்டினா காரின் எஞ்சின் உடலின் மேல் அமைந்த அது 9,000 சுற்றுகளில் 218 குதிரைத் திறன் தந்தது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஆங்கிலியாவில் லிட்டருக்கு 39 குதிரைத் திறன், எஃப்.வி.ஏ.-வில் 136. ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இதில் சுழற்சி தந்தது 1.8 மடங்கு மட்டுமே. மீதி 1.9 மடங்கு, ஒவ்வொரு நிரப்பிலும் பெற்ற கூடுதல் அழுத்தத்தால் வந்தது. வேகத்தைவிட மூச்சு சிறிதளவு அதிகமாகவே உதவியிருக்கிறது!

உடைந்த பற்சக்கரம்

ஃபோர்டு நிறுவனம் ஒரு லட்சம் பவுன் கொடுத்து எஃப்.வி.ஏ.-வையும், அதன் வழியில் மூன்று லிட்டர் வி-8 எஞ்சின் ஒன்றையும் டக்வொர்த்திடம் செய்வித்தது. அதுவே டி.எஃப்.வி. 1967 ஜூன் 4 அன்று ஹாலந்தின் சாண்ட்வோர்ட் களத்தில் அது முதன்முறையாக ஓடியது. முன்னணியில் சென்ற கிரஹாம் ஹில்லின் கார் சில சுற்றுகளிலேயே நின்றுவிட்டது. கேம் தண்டுகளைச் சுழற்றும் பற்சக்கரத்தின் பற்கள் உடைந்திருந்தன. ஆயினும் ஜிம் கிளார்க் அதே வகை எஞ்சினுடன் அப்பந்தயத்தை வென்றார்.

பற்களை உடைத்தது முறுக்கு அதிர்வு. டக்வொர்த் பற்களை மேலும் தடிப்பாக்கிப் பயன் காணவில்லை. இறுதியில், சக்கரத்தின் நடுவே சிறு முறுக்குத் தண்டுகளை வைத்து, அது இம்மி வளைந்து கொடுக்கும்படி செய்தார். விறைத்து நின்றது உடைந்தது; நெகிழ்ந்து கொடுத்தது நிலைத்தது. அந்த எஞ்சின் குடும்பம் 1983 வரை 155 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் வெற்றி கண்டது.

பழைய காரை எடுப்போர் அறியவேண்டியது

ஆங்கிலியா போன்ற பழைய கார்களைப் பந்தயத்திற்கென ஆயத்தம் செய்வோர் இன்றும் உள்ளனர். இந்த வரலாறு அவர்களுக்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. முதலில் எத்தனை சுற்றுகள் வேண்டும் என்று முடிவு செய்து, வீச்சைக் கொண்டு பிஸ்டன் வேகத்தைக் கணக்கிட வேண்டும். அடுத்து இணைப்புத் தண்டு, திருகாணி, கிராங்க் தண்டு ஆகியவற்றின் வலிமை. 105-இ எஞ்சினின் கிராங்க் தண்டை மூன்று தாங்கிகளே தாங்குகின்றன. பின்வந்த பெரிய எஞ்சின்களில் ஐந்து. அதன் பிறகே வால்வும் வில்லும். கடைசியில் கேம் தண்டும் கார்புரேட்டரும். இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். ஆனால் நெடுநாள் உயிர் வாழாது.

2006-ஆம் ஆண்டில் காஸ்வொர்த்தின் 2.4 லிட்டர் வி-8 எஞ்சின் நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளை எட்டியது. அதன் வீச்சு 40 மி.மீ.-க்கும் சிறிது குறைவு. பிஸ்டன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 26.5 மீட்டர். 1912-இன் பெஜோவுடன் ஒப்பிட்டால் சுழற்சி ஒன்பது மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் பிஸ்டன் வேகம் 94 ஆண்டுகளில் இருமடங்குகூட ஆகவில்லை. உலோகம் மிக மெல்லத்தான் விட்டுக்கொடுக்கிறது. மீதியைப் பெற்றுத் தந்தது, பிஸ்டன் ஓடும் தூரத்தைக் குறைக்கலாம் என்ற எளிய எண்ணமே.