திரவ ஆக்சிஜன் வீட்டுக்குள் வந்த கதை (நீண்ட த்ரெட்)

1/
அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். அவருடைய அப்பாவுக்குப் பல வருடமாக சி.ஓ.பி.டி. எனும் நுரையீரல் நோய். வீட்டில் வைக்க ஒரு பெரிய திரவ ஆக்சிஜன் கலனும், தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஒரு சின்னக் கலனும் கொடுத்திருக்கிறார்கள்.

"கூடவே ஒரு பக்கத்துக்கு எச்சரிக்கை கொடுத்திருக்காங்க டாக்டர். விளக்குப் பக்கம் போகக்கூடாது, எண்ணெய் கூடாது, அலமாரியில் வைக்கக்கூடாது, சாய்க்கக்கூடாதுன்னு. அப்பா தினமும் சாமி விளக்கு ஏத்துறவர். இதெல்லாம் கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாத்திக்க எழுதினதுன்னு சிரிக்கிறார். அப்படியா?"

2/
அப்படி இல்லைங்க. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. சில வரிகளுக்குப் பின்னால் உயிர்ச்சேதமே இருக்கு. அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படிங்க.

3/
1774 ஆகஸ்ட் 1. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பெரிய லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, சிவப்பு நிறப் பாதரச ஆக்சைடைச் சூடாக்குகிறார். ஒரு வாயு வருகிறது. அதில் மெழுகுவத்தியை வைத்தால் சுடர் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிகிறது. ஸ்வீடனில் ஷீலேவும் இதே வாயுவைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவர் பிரான்ஸின் லவாய்சியே.

4/
பிரீஸ்ட்லி அந்த வாயுவில் எலியை விட்டுப் பார்த்தார். பிறகு தானே சுவாசித்தும் பார்த்தார். நோயாளிகளுக்கு இது உதவலாம் என்று எழுதியவர், கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுதி வைத்தார். இதில் மெழுகுவத்தி வேகமாக எரிந்து தீர்வதுபோல மனிதனும் சீக்கிரம் தீர்ந்துவிடுவானோ என்று!

அதாவது, ஆக்சிஜனின் முதல் மருத்துவக் கனவும் முதல் எச்சரிக்கையும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை.

5/
இங்கே ஒரு விஷயத்தை மனதில் பதிய வைங்க. ஆக்சிஜன் தானாக எரியாது. அது பெட்ரோலோ சமையல் கேஸோ இல்லை. ஆனால் எரியக்கூடிய எதையும் சுலபமாகப் பற்ற வைக்கும், பற்றியதை வெறித்தனமாக எரிய வைக்கும். சாதாரணக் காற்றில் இருப்பது 21 சதவீதம். அது கொஞ்சம் கூடினாலே துணி, தலைமுடி, மெத்தை எல்லாம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

6/
நூறு வருடம் கழித்து, 1877இல் கையேத்தே, பிக்டே என்ற இருவர் தனித்தனியாக ஆக்சிஜனைக் குளிரவைத்துப் பனித்துளி அளவுக்குத் திரவமாக்கினார்கள். கண்ணால் பார்த்து அளக்கும் அளவுக்கு அதைத் தேக்கியது 1883இல், போலந்தின் கிராக்கோவ் நகரில், வ்ருப்லெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும். வெளிர் நீல நிறம். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும். ஆமாம், அந்தக் குளிரே அதற்குக் கொதிநிலை!

7/
இவ்வளவு குளிரானதை எதில் வைப்பது? 1892இல் ஜேம்ஸ் டியூவர் விடை கண்டார். இரண்டு சுவர் கொண்ட குடுவை, சுவர்களுக்கு நடுவில் வெற்றிடம். நம்ம வீட்டு காபி பிளாஸ்க்கின் தாத்தா அதுதான். இன்று வீட்டுக்கு வரும் திரவ ஆக்சிஜன் கலனும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

8/
ஆனால் எந்த பிளாஸ்க்கும் வெப்பத்தை முழுசாகத் தடுக்காது. காபி மெல்ல ஆறும். திரவ ஆக்சிஜன் மெல்லச் சூடாகி ஆவியாகும். 1 லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். அதை அடைத்து வைத்தால் கலன் வெடிக்கும். அதனால்தான் வால்வு வழியாக அது அவ்வப்போது மூச்சு விடுகிறது. நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் ஆக்சிஜன் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

எச்சரிக்கைப் பக்கத்தின் முதல் வரிக்கு இதுதான் காரணம். அலமாரி, கட்டிலுக்கு அடியில், கார் டிக்கி எங்கேயும் வைக்காதீங்க. போர்வை போட்டு மூடாதீங்க. காற்றோட்டம் உள்ள இடத்தில், நிமிர்ந்தபடி இருக்கணும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரலாம்.

9/
1895இல் ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே காற்றைப் பெருமளவில் திரவமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆக்சிஜன் மலிவானது இதற்குப் பிறகுதான். ஆனால் அவரே இன்னொன்றையும் காட்டினார். கரித்தூளைத் திரவ ஆக்சிஜனில் ஊறவைத்தால் அது வெடிமருந்து! சுரங்கங்களில் பாறை உடைக்கவே அதைப் பயன்படுத்தினார்கள்.

10/
சுரங்கத்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. தார்ச்சாலையில் திரவ ஆக்சிஜன் கொட்டினால், அந்தத் தார் ஒரு மிதி, ஒரு அடி பட்டாலே வெடிக்கும் நிலைக்கு வரலாம். எண்ணெய், கிரீஸ் பட்ட இடமும் ஆபத்து. அதனால் தார்த்தரையில், கார்ப்பெட் மேல் வைத்து நிரப்பக்கூடாது. எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடக்கூடாது. மூக்கு வறண்டால் வாசலின், தைலம் தடவாமல் தண்ணீர் சார்ந்த ஜெல்லை டாக்டரிடம் கேட்டு வாங்குங்க.

11/
இனி மருத்துவத்துக்கு வருவோம். முதல் உலகப்போரில் விஷவாயு தாக்கிய வீரர்களுக்கு முகமூடி வழியாக முறையாக ஆக்சிஜன் கொடுக்க வழி செய்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். 1917இல் அதைப் பற்றி எழுதினார். 1920களில் நியூயார்க்கில் ஆல்வன் பாரக் நோயாளிகளை ஆக்சிஜன் கூடாரத்துக்குள் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்.

ஆனால் இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு முடிந்தது.

12/
நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அன்றைய டாக்டர்கள் கொடுத்த அறிவுரை "அசையாமப் படுங்க" என்பதுதான். தொடர்ந்து ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு தேங்கிவிடும் என்ற பயமும் இருந்தது (அளவு மீறினால் அது நியாயமான பயம்தான்). ஆக்சிஜன் வேண்டுமென்றால் சிலிண்டர் பக்கத்திலேயே கிடக்கணும். கழிவறைக்குப் போகவே மூச்சு வாங்கும் மனிதரால் இரும்பு சிலிண்டரை எப்படித் தூக்க முடியும்?

1956இல் பிரிட்டனில் கோட்ஸும் கில்சனும் சின்ன சிலிண்டரைச் சுமந்தபடி ஆக்சிஜன் எடுத்தால் நோயாளிகளால் கூடுதலாக நடக்க முடிகிறது என்று காட்டினார்கள். கதவு கொஞ்சம் திறந்தது.

13/
அதை முழுசாகத் திறந்தது அமெரிக்காவின் டென்வர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் நுரையீரல் நோயாளிகளுக்கு அங்கே திணறல் அதிகம். 1960களின் நடுவில் தாமஸ் பெட்டியும் அவருடைய குழுவினரும், யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவு செய்த, தோளில் மாட்டும் திரவ ஆக்சிஜன் கலனை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். (ஆமாம், போபால் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் அதே யூனியன் கார்பைடுதான்.)

14/
ஏன் திரவம்? கணக்குப் போட்டுப் பாருங்க. 1 லிட்டர் திரவம் 1.14 கிலோ எடை. 860 லிட்டர் வாயு தரும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 7 மணி நேரம் வரும். ஏறக்குறைய 680 லிட்டர் வாயு கொள்ளும் இரும்பு சிலிண்டர் ஆறேழு கிலோ இருக்கும்.

15/
டென்வர் குழுவின் முடிவுகள் 1967, 1968இல் வெளிவந்தன. கெட்டியாகியிருந்த ரத்தம் சீரானது. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் குறைந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கடைக்குப் போனார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முக்கியமான வரி இதுதான்.

16/
அதே 1967, ஜனவரி 27. அப்போலோ 1 விண்கலத்தில் தரையிலேயே ஒத்திகை. கேபின் முழுக்கத் தூய ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில். எங்கோ ஒரு பொறி. நைலான், வெல்க்ரோ எல்லாம் பற்றிக்கொண்டு சில நொடிகளில் தீ பரவியது. கிரிசம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். உலகத்தின் சிறந்த பொறியாளர்களே ஆக்சிஜனைக் குறைத்து மதிப்பிட்ட நாள் அது.

17/
நம்ம வீட்டில் இது எப்படி நடக்கும்? மூக்குக் குழாயைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டு, மூடாமல் போனால், மெத்தையும் போர்வையும் ஆக்சிஜனில் ஊறும். உடுத்திய துணியும் அப்படியே. ஆக்சிஜனை நிறுத்திய உடனே அடுப்புப் பக்கம் போகாதீங்க. குறைந்தது 15 நிமிடம் நல்ல காற்றில் இருந்துவிட்டுப் போங்க. பயன்படுத்தாத நேரத்தில் கண்டிப்பாக மூடுங்க.

18/
"இவ்வளவு ரிஸ்க் எடுக்கணுமா?" என்று கேட்கலாம். எடுக்கணும். 1980இல் வந்த அமெரிக்க ஆய்வில் 203 நோயாளிகள். நாள் முழுக்க ஆக்சிஜன் எடுத்தவர்களைவிட, இரவில் மட்டும் எடுத்தவர்களிடம் இறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1981இல் பிரிட்டிஷ் ஆய்வு. தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் 5 வருடத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர்.

இவர்கள் எல்லாருமே ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தவர்கள். லேசான, நடுத்தரக் குறைவுக்கு இந்தப் பலன் இல்லை என்று 2016இல் 738 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. அதனால் டாக்டர் சொல்லாமல் நீங்களே வாங்கி மாட்டிக்காதீங்க.

19/
இன்னொரு கணக்கும் உண்டு. 2000 முதல் 2007 வரை, அமெரிக்காவின் நான்கே மாநிலங்களில், வீட்டில் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டே புகைபிடித்ததால் வந்த தீயில் 38 பேர் இறந்தார்கள். உயிரைக் காப்பாற்ற வந்த வாயு, ஒரே ஒரு சிகரெட்டால் எமனானது. ஆக்சிஜன் உள்ள வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது. விருந்தாளியும் சேர்த்துத்தான்.

20/
நிரப்பும்போது: இணைப்புகள் இரண்டையும் காய்ந்த துணியால் துடைங்க. ஈரம் இருந்தால் உறைந்து வால்வு மூடாமல் சிக்கிக்கொள்ளும். வெண்பனி படர்ந்த உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வெந்ததுபோலப் புண்ணாகும். சிக்கினால் இழுக்காதீங்க, பனி உருகட்டும். திரவம் பீய்ச்சினால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி, சப்ளை செய்தவரைக் கூப்பிடுங்க. தோலில் பட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு டாக்டரைப் பாருங்க.

21/
வெளியே போகும்போது: காரில் கலன் உருளாதபடி நிமிர்த்திக் கட்டுங்க. ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீங்க. பெட்ரோல் பங்கில் எச்சரிக்கை வேணும். பயணிகள் விமானத்தில் திரவ ஆக்சிஜனுக்கு அனுமதி இல்லை. அனுமதி பெற்ற போர்ட்டபிள் கான்சன்ட்ரேட்டர்தான் வழி. முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் பேசிடுங்க.

22/
நம்ம ஊரில் திரவ ஆக்சிஜன் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வளாகத்து டாங்கியோடு நின்றுவிடும். 2021இல் அந்த டாங்கர் லாரிகளுக்கு நாம் காத்திருந்த இரவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீடுகளில் இருப்பது கான்சன்ட்ரேட்டரும் சிலிண்டரும். அவற்றில் அந்தக் கடுங்குளிர் ஆபத்து கிடையாது. ஆனால் தீ விதி அப்படியே பொருந்தும். அகல் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், கேஸ் அடுப்பு, பீடி எல்லாமே பிரீஸ்ட்லியின் மெழுகுவத்திதான்.

23/
நண்பரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். "அப்பா விளக்கேத்த வேண்டாம், நீங்க ஏத்துங்க. கலனும் அவரும் குறைந்தது மூணு மீட்டர் தள்ளி இருக்கட்டும். அங்கிருந்தே கும்பிடட்டும், சாமி ஒன்னும் கோவிச்சுக்காது. சாயந்திரம் அந்தச் சின்னக் கலனை மாட்டிவிட்டு வெளியே நடக்கக் கூட்டிட்டுப் போங்க. அதைக் கண்டுபிடிச்சதே அதுக்குத்தான்."

நேத்து மெசேஜ் போட்டிருந்தார். அப்பா தெருமுனை வரைக்கும் நடந்தாராம்.

வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர் யாராவது தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்க.