நுவார் துப்பறியும் வீடியோ கேம்கள்

நுவார் துப்பறியும் வீடியோ கேம் என்பது ஒரு குற்றத்தை விசாரிப்பவரின் இடத்தில் விளையாடுபவரை நிறுத்தி, 1930, 40களின் அமெரிக்கக் குற்றக் கதைகளுக்குரிய கசப்பான உலகப் பார்வையோடு கதையை நடத்திச் செல்லும் ஆட்ட வகை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முளைவிட்டது. பின்னர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, எஸ்தோனியா எனப் பரவியது. இதன் வரலாற்றைப் பெரும்பாலும் காட்சியின் வரலாறாகவே எழுதிவருகிறார்கள். முதலில் எழுத்தாக இருந்தது, பிறகு படம் வந்தது, அதன் பிறகு நடிகரின் முகமே திரைக்கு வந்துவிட்டது என்று அந்தக் கதை நகரும். மழை பெய்யும் தெரு, ஜன்னல் தட்டிகளின் வழியே விழும் கோடு கோடான வெளிச்சம், சாக்ஸபோன் இசை ஆகியவை எந்த அளவுக்கு அசலாகத் தெரிகின்றன என்பதே அதில் அளவுகோல். இந்த வகையின் உண்மையான வளர்ச்சியும் தேக்கமும் வேறொரு கேள்வியில் இருக்கின்றன. விசாரிப்பவர் தவறான ஆளைக் குற்றவாளி என்று முடிவு செய்தால் ஆட்டம் என்ன செய்கிறது? அந்தத் தவறை ஏற்று, அதன் விளைவோடு கதையைத் தொடரும் ஆட்டங்களே நுவார் என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையவை. நாற்பது ஆண்டு வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் அடுக்கிப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை நிறையவே மாறிவிடுகிறது.

இந்த ஆட்டங்களுக்குப் பின்னால் இரண்டு கதை மரபுகள் நிற்கின்றன. ஒன்று இங்கிலாந்தில் தழைத்த புதிர்க் கதை. 1929இல் ரொனால்டு நாக்ஸ் அதற்குப் பத்து விதிகளை வகுத்தார். வாசகருக்கு எல்லாத் தடயங்களையும் காட்டிவிட வேண்டும் என்பதே அவற்றின் சாரம். மற்றொன்று 'பிளாக் மாஸ்க்' இதழில் வளர்ந்த அமெரிக்கக் குற்றக் கதை. பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்த டாஷியல் ஹாமெட்டும், அவருக்குப் பின் வந்த ரேமண்ட் சாண்ட்லரும் அதை நிலைநாட்டினார்கள். 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941), 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) போன்ற படங்களில் அந்த உலகம் திரைக்கு வந்தது. 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அவற்றை நுவார் என்று தனியே பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். இந்த மரபில் கொலையாளி யார் என்று தெரிந்துவிடுவதால் எதுவும் சரியாகிவிடுவதில்லை. பணமும் போலீசும் ஒரே பக்கம் நிற்கின்றன; துப்பறிபவரே ஏமாற்றப்படுகிறார், சில சமயம் அவரே கறைபடுகிறார். வீடியோ கேம் தன் தோற்றத்தை இரண்டாவது மரபிலிருந்தும் எலும்புக்கூட்டை முதல் மரபிலிருந்தும் எடுத்துக்கொண்டது. அதன் சிக்கல் அத்தனையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த எலும்புக்கூட்டின் மூதாதையைக் காகிதத்திலேயே காணலாம். 1936இல் டென்னிஸ் வீட்லியும் ஜே. ஜி. லிங்க்ஸும் சேர்ந்து 'மர்டர் ஆஃப் மயாமி' என்ற குற்றக் கோப்பை வெளியிட்டார்கள். நாவல் போல அச்சிடாமல், தந்திகள், போலீஸ் அறிக்கைகள், புகைப்படங்கள், கூடவே கொஞ்சம் தலைமுடி, எரிந்த தீக்குச்சி, கறை படிந்த திரைத்துணித் துண்டு ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தார்கள். விடை கடைசிப் பகுதியில் முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தது. வாசகர் தவறாக ஊகித்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. முத்திரையை உடைத்ததும் தவறு மறைந்துவிடும். மார்க் பிளாங்க் எழுதி 1982இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'டெட்லைன்' இந்தக் கோப்பையே முன்மாதிரியாகக் கொண்டது. வட்டில் இடம் போதாததால் வாக்குமூலங்களும் ஆய்வக அறிக்கையும் கொலை நடந்த அறையின் புகைப்படமும் மாத்திரைகளும் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டன. ஆட்டத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம்தான் அவகாசம். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போக்கில் நடமாடுவார்கள், தொலைபேசியில் பேசுவார்கள். அந்த நேரத்தில் அங்கே இல்லாதவருக்கு அந்தப் பேச்சு கிடைக்காது. போதிய சான்றில்லாமல் கைது செய்தால் வழக்கு நிற்காமல் போன செய்தியோடு ஆட்டம் முடியும். வீட்லியின் முத்திரையை விட இது ஒரு படி மேலே. தவறுக்கு ஒரு முடிவு எழுதப்பட்டிருந்தது. 1983இல் ஸ்டூ காலி எழுதிய 'தி விட்னஸ்' இதே பொறியமைப்பை 1938ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோய்ச் சாண்ட்லரின் தொனியைச் சேர்த்தது. திரையில் படம் ஒன்றுகூட இல்லாத, எழுத்தாலான ஆட்டங்கள் இவை.

1985இல் ஐகாம் சிமுலேஷன்ஸ் மேக்கின்டாஷ் கணினிக்காக உருவாக்கிய 'டேஜா வூ' இன்னும் துணிந்தது. 1941ஆம் ஆண்டு சிகாகோ. கழிப்பறை ஒன்றில் நினைவிழந்து கண்விழிக்கிறார் முன்னாள் குத்துச்சண்டை வீரரான தனியார் துப்பறிவாளர். மாடியில் ஒரு பிணம். பழி அவர் மீது. கறுப்பு வெள்ளைச் சித்திரம் பெரிதாகப் பேசப்பட்டது என்றாலும், அதன் மையமான யோசனை வேறு. தன்னைக் காப்பாற்றும் சான்றுகளை வைத்துக்கொண்டு, தன்னை மாட்டிவிடக்கூடிய பொருட்களைச் சாக்கடையில் தள்ளிய பிறகே போலீசிடம் போக வேண்டும். தடயத்தைத் தேடுவதைப் போலவே அழிப்பதும் துப்பறிபவரின் வேலையாகிறது. நாக்ஸின் விதிகளில் இதற்கு இடமே இல்லை.

ஜப்பானில் பாதை வேறு. யூஜி ஹோரி எழுதி 1983இல் எனிக்ஸ் வெளியிட்ட 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு', கோபே நகரில் நடக்கும் கொலை விசாரணை. முதலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 1985இல் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தபோது அவை ஒரு பட்டியலாக மாறின. கீபோர்டு இல்லாத கருவிக்கு வேறு வழியில்லை. அந்தப் பட்டியல் பல லட்சம் பேருக்குத் துப்பறியும் ஆட்டத்தைத் திறந்துவிட்டது. ஆனால் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளையும் கண்முன் பரப்பியும் வைத்தது. யோசிக்காமலே ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போனாலும் வழக்கு முடிந்துவிடும் என்ற நிலை அப்போது பிறந்தது. 1987இல் டேட்டா ஈஸ்ட் தொடங்கிய ஜிங்குஜி சபுரோ என்ற துப்பறிவாளரின் வரிசை ஷின்ஜுகு என்ற நகர்ப்பகுதியின் இரவைக் களமாகக் கொண்டது. அதன் கட்டளைப் பட்டியலில் சிகரெட் பிடிப்பதும் ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்தால் துப்பறிவாளர் புகை விட்டபடி யோசிப்பார். அடுத்து எங்கே போகலாம் என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும். சூழல் அலங்காரம் மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. யோசிக்கும் செயலையே அந்தப் புகைக்குள் வைத்தார்கள். ஆயினும் யோசிப்பது பாத்திரம். விளையாடுபவர் பொத்தானை அழுத்துகிறார். 2007இல் ஆங்கிலத்தில் வெளியான 'ஹோட்டல் டஸ்க்' வரை, ஜப்பானிய நுவாரின் மென்மையான துயரத்துக்கும் அதன் இறுக்கமான ஒற்றைத் தண்டவாளத்துக்கும் இந்த ஏற்பாடே காரணம்.

குறுந்தகடு வந்த பிறகு பணம் காட்சிக்குப் போனது. அக்சஸ் சாஃப்ட்வேர் 1989இல் தொடங்கிய டெக்ஸ் மர்பி வரிசையின் 'அண்டர் எ கில்லிங் மூன்' (1994) நான்கு குறுந்தகடுகளில் நடிகர்களைப் படம்பிடித்துக் கொடுத்தது. படம்பிடித்த காட்சியை எளிதில் கிளைபிரிக்க முடியாது. ஒவ்வொரு தவறான முடிவுக்கும் நடிகரை வரவழைத்து, ஒளியமைத்து, மீண்டும் எடுக்க வேண்டும். எழுத்தில் ஒரு பத்தியாக முடிகிற வேலை இது. பிழைக்கான இடம் இந்த வகையிலிருந்து மெல்ல மெல்ல மறைந்ததற்கு முதன்மையான காரணம் ரசனை மாற்றத்தை விட இந்தச் செலவுக் கணக்குதான். 'தி பண்டோரா டைரக்டிவ்' (1996) பல முடிவுகளைப் படம்பிடித்தே காட்டியதே என்று மறுக்கலாம். உண்மைதான், ஆனால் அந்தக் கிளைகள் டெக்ஸ் மர்பி மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தவை. அவர் என்ன ஊகித்தார் என்பதைப் பொறுத்தவை அல்ல. வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸின் 'பிளேட் ரன்னர்' (1997) வேறொரு தந்திரம் செய்தது. சந்தேகத்துக்குரியவர்களில் சிலர் மனிதர்களா செயற்கை மனிதர்களா என்பதை ஒவ்வொரு முறையும் கணினியே தீர்மானித்தது. ஒருவர் விளையாடிச் சொன்ன விடை அடுத்தவருக்கு உதவாது. 1999இல் வந்த 'டிஸ்க்வேர்ல்ட் நுவார்' துப்பறிவாளரின் குறிப்பேட்டையே கருவியாக்கியது. அதில் எழுதியுள்ள ஒரு பெயரை இன்னொரு தடயத்தோடு பொருத்திப் பார்க்கலாம், நேரே ஒரு சாட்சியின் முன்னால் நீட்டலாம். பைக்குள் இருக்கும் சாவியையும் கயிற்றையும் பயன்படுத்திவந்த ஆட்டங்களில் எண்ணமே ஒரு பொருளாகக் கையில் கிடைத்தது பெரிய மாற்றம்.

காட்சி மரபின் உச்சம் 2011இல் டீம் பாண்டி உருவாக்கி ராக்ஸ்டார் வெளியிட்ட 'எல்.ஏ. நுவார்'. 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸைத் தெருத்தெருவாகக் கட்டினார்கள். 32 கேமராக்கள் சூழ நடிகர்களை உட்காரவைத்து, முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிந்தார்கள். சாட்சி பேசும்போது கண் எங்கே போகிறது, உதடு எப்படி இறுகுகிறது என்று பார்த்து, அது உண்மையா, சந்தேகமா, பொய்யா என்று சொல்ல வேண்டும். பொய் என்றால் ஆதாரத்தையும் காட்ட வேண்டும். முகத்தைப் படிப்பதே விளையாட்டு என்பது அதுவரை இல்லாத துணிச்சல். ஆனால் ஆட்டத்தின் ஒலியைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். தடயத்தின் அருகே போனால் ஒரு மணியோசை கேட்கும். தேட வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டால் பின்னணி இசை நின்றுவிடும். கேள்விக்கு விளையாடுபவர் சரியான விடை சொன்னாரா என்பதையும் ஓர் இசைத்துணுக்கு உடனே அறிவித்துவிடும். கண்ணுக்கு முன்னால் நிச்சயமின்மையை வைத்துவிட்டு, காதின் வழியே நிச்சயத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை கேள்விகளில் தவறினாலும் வழக்கு ஏதோவொரு வழியில் முடிவுக்குத்தான் வரும். மதிப்பெண் குறையும், அவ்வளவே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த ஆட்டத்தின் கொலைப் பிரிவு வழக்குகளில் கைதானவர்கள் கொலையாளிகள் அல்ல என்று பின்னர் தெரியவருகிறது. 'தி கோல்டன் பட்டர்ஃபிளை' வழக்கில் இருவரில் ஒருவர் மீது குற்றம் சாட்ட வேண்டும். இருவருமே அந்தக் கொலையைச் செய்யவில்லை. தப்ப முடியாத விதிதானே நுவார், எதைச் செய்தாலும் தவறாக முடிவதுதானே அதன் உயிர் என்று கேட்கலாம். திரைப்படத்துக்கு இந்த வாதம் பொருந்தும். பார்வையாளர் அங்கே எதையும் முடிவு செய்வதில்லை. நாயகன் சறுக்குவதைப் பார்த்துத் துடிக்கிறார். ஆட்டத்தில் முடிவெடுப்பவர் விளையாடுபவர். நிரபராதியைக் கூண்டில் ஏற்றியது கதாசிரியரின் கை என்று தெரிந்ததும் பொறுப்பு விளையாடுபவரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. கூர்ந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்ற நிலையில் நடந்த தவறே அவரைச் சுடும். 'எல்.ஏ. நுவார்' அந்த வாய்ப்பை நெருங்கி வந்து, பிறகு தானே முடிவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

ஆகவே 2019இல் எஸ்தோனியர்கள் கட்டிய ஸா/உம் நிறுவனத்திடமிருந்து வந்த 'டிஸ்கோ எலிசியம்' எழுத்தை மையமாகக் கொண்டிருந்தது தற்செயல் அல்ல. ரெவாஷோல் என்ற தோற்றுப்போன நகரத்தில், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் பிணம். நினைவிழந்த குடிகாரப் போலீஸ்காரர். அவர் மனத்தின் 24 திறன்கள் தனித்தனிக் குரல்களாகப் பேசுகின்றன. தர்க்கம் ஒன்று சொல்லும், கற்பனை வேறொன்று சொல்லும். இரண்டுமே உறுதியான தொனியில் பேசும், இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். இரண்டு பகடைகளை உருட்டித் தோற்றால் ஆட்டம் நின்றுவிடாது. தோல்விக்கென்றே எழுதிய காட்சி விரியும், அது பெரும்பாலும் வெற்றியை விடச் செழிப்பாக இருக்கும். எழுத்தில் கிளை மலிவு என்ற இன்ஃபோகாம் காலத்துப் பாடத்தை முழுமையாகப் பயன்படுத்தியது இந்த ஆட்டம். கொலையாளி, அதுவரை விசாரித்தவர்களில் ஒருவர் இல்லை என்பதைச் சிலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். புதிர்க் கதையாகப் பார்த்தால் குறைதான். ஒரு நகரத்தின் பழைய தோல்வி இப்போதைய கொலையாக வந்து நிற்பதைக் காட்டும் கதைக்கு அது பொருந்தும் முடிவு.

உறுதி செய்யாவிட்டால் துப்பறியும் இன்பமே போய்விடாதா என்பது அடுத்த மறுப்பு. லூகஸ் போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) இந்தப் பக்கத்துக்குச் சிறந்த சாட்சி. கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேருடையது சரியானால்தான் அவை உறுதியாகும். ஊகித்துத் தப்ப முடியாதபடி கட்டிய, மிகச் சிறந்த ஆட்டம். ஆனால் அது நாக்ஸ் மரபின் உச்சம். அதை நுவாருக்கான அளவுகோலாக்க வேண்டியதில்லை. சாம் பார்லோவின் 'ஹெர் ஸ்டோரி' (2015) மறுகரையில் நிற்கிறது. 1994ஆம் ஆண்டு போலீஸ் விசாரணைக் காணொளிகளில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து தேடினால் முதல் ஐந்து துண்டுகள் மட்டும் கிடைக்கும். கடைசியில் புரிந்ததா என்று கேட்கிறார்களே தவிர, சரியா தவறா என்று யாரும் சொல்வதில்லை. படம்பிடித்த காட்சியாலும் இதைச் செய்ய முடியும், கிளைகளை விட்டுவிட்டு ஒரே கதையைத் துண்டுகளாக்கினால் போதும் என்று அந்த ஆட்டம் நிரூபித்தது. உறுதி கிடைக்காமலே மக்கள் அதை விரும்பி விளையாடினார்கள்.

2018இல் 'லாம்ப்லைட் சிட்டி' வழக்குகளைத் தீர்க்காமலும் தவறான ஆளைக் காட்டிக்கொடுத்தும் முன்னேற அனுமதித்தது. 2022இல் வந்த 'பென்டிமென்ட்' அதை இறுதிவரை கொண்டுபோனது. களம் 16ஆம் நூற்றாண்டு பவேரியா. பழைய கையெழுத்துச் சுவடிகளின் ஓவியம்போல வண்ணமயமான திரை. எல்லாத் துப்புகளையும் பின்தொடர நேரம் இருக்காது. யாரைக் கைகாட்டினாலும் அவர் கொல்லப்படுவார். கொன்றவர் யார் என்பதை ஆட்டம் சொல்லவே சொல்லாது. அந்த ஊரில் பல ஆண்டுகள் கழித்தும் அந்தத் தீர்ப்பு மக்களின் பேச்சில் தொடரும். இதில் நிழலும் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. ஆயினும் நியான் விளக்குகள் மின்னும் எத்தனையோ ஆட்டங்களை விட இது நுவாருக்கு நெருக்கமானது.

2023இல் முன்னோட்டமாகவும் 2024இல் முழுமையாகவும் வந்த 'ஷேடோஸ் ஆஃப் டவுட்' செலவுக் கணக்கை வேறு வழியில் உடைக்க முயல்கிறது. நகரம், குடிமக்கள், அவர்களின் வீடு, வேலை, கைரேகை, நடக்கும் கொலை அத்தனையையும் கணினியே உருவாக்குகிறது. தவறான பாதையை யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகித்து அவருடைய அலமாரியைக் குடைந்துகொண்டே ஓர் இரவைக் கழிக்கலாம். ஆனால் அந்தக் குடிமக்களுக்குக் கைரேகை இருக்கும் அளவுக்குக் கடந்த காலம் இல்லை. கொலைக்கான நோக்கமும் பெரும்பாலும் ஒரு படிவத்தில் நிரப்பும் வரியாகவே இருக்கிறது. எழுதப்பட்ட ஆட்டங்களில் மனிதர்களுக்கு ஆழம் இருக்கிறது, தவறுக்கு இடம் குறைவு. உருவாக்கப்படும் நகரத்தில் தவறுக்கு வேண்டிய அளவு இடம் இருக்கிறது, மனிதர்களுக்கு ஆழம் போதவில்லை. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் சேர்ப்பதுதான் இந்த வகையில் இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை.