கண்ணைப் பார்த்தே மூளை அழுத்தத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? தலைவலின்னு கண் டாக்டரிடம் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

'தலை வலிக்குதா? முதல்ல கண்ணைக் காட்டிட்டு வா.' வீட்டுல பெரியவங்க வழக்கமா சொல்றதுதான். மதுரை கோச்சடையில் இருப்பவர் என்றால், வைகையைத் தாண்டி அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவார். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி வெறும் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய மருத்துவமனை அது.

கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு நினைச்சுப் போனவரிடம், 'மூளைக்கு ஸ்கேன் எடுங்க' என்று கண் டாக்டர் சொன்னால் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மூளைக்குள் அழுத்தமா?

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி மாதிரி. உள்ளே மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கட்டி, ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், நீர் வடியாமல் தேங்குவது என எது நடந்தாலும் உள்ளே இடம் போதாமல் அழுத்தம் ஏறும். பெரியவர்களுக்கு இது இயல்பாக 7 முதல் 15 மி.மீ. பாதரச அளவு இருக்கும். 20-ஐத் தாண்டினால் ஆபத்து.

துல்லியமாக அளக்க, மண்டையில் துளையிட்டு குழாய் அல்லது சென்சார் வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் ஊசி போட்டு நீரின் அழுத்தத்தைப் பார்க்கணும். எல்லோருக்கும், எல்லா இடத்திலும் இதைச் செய்துவிட முடியாது.

கண்ணுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

பார்வை நரம்பு என்பது மூளையின் நீட்சி. மூளையை மூடியிருக்கும் அதே உறைதான் நரம்பையும் மூடியிருக்கிறது. அதே நீர்தான் அதைச் சுற்றியும் இருக்கிறது. மூளையில் அழுத்தம் கூடினால், கண்ணுக்குப் பின்னால் அந்த உறை உப்பும். நாளாக நாளாக நரம்பின் முனையும் வீங்கும்.

எப்படிப் பார்க்கிறார்கள்?

* கண்ணின் உள்பகுதிப் பரிசோதனை: சொட்டு மருந்து விட்டு பாப்பாவை விரித்து, நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கான கருவியை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-லேயே உலகுக்கு அறிமுகம் செய்துவிட்டார். இந்த வீக்கத்துக்குப் பெயர் 'பாப்பிலெடிமா'.

* அல்ட்ராசவுண்ட்: மூடிய இமை மேல் ஜெல் தடவி, விழிக்கு 3 மி.மீ. பின்னால் நரம்பு உறையின் அகலத்தை அளப்பது. பெரியவர்களுக்குச் சுமார் 5 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகம் வரும். படுக்கையில் வைத்தே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

* டாப்ளர்: கண்ணுக்கு வரும் ரத்தக்குழாயின் ஒரு பகுதி மண்டைக்குள்ளும், இன்னொரு பகுதி வெளியிலும் இருக்கிறது. கண்ணைச் சுற்றி மெதுவாக அழுத்தம் கொடுத்து, இரண்டு பகுதியிலும் ரத்த ஓட்டம் ஒரே மாதிரி ஆகும் நேரத்தில், வெளியே கொடுத்த அழுத்தம்தான் மூளை அழுத்தம் என்று கணக்கிடுவார்கள். தராசு மாதிரிதான். லிதுவேனியா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய முறை இது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ணில் காற்று ஊதிப் பார்ப்பது மூளை அழுத்தத்தை அல்ல. அது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம்; குளுக்கோமாவுக்கான டெஸ்ட்.

எவ்வளவு நம்பலாம்?

இவை எல்லாம் மதிப்பீடுதான். நரம்பின் முனை வீங்க சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகலாம். அதனால், மேலக்கால் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், 'கண்ணு நல்லாத்தானே தெரியுது' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, தலைக்காய சிகிச்சை வசதி இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்போது உஷாராகணும்?

* காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி
* குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை மங்குவது
* எல்லாமே இரண்டாகத் தெரிவது
* காதுக்குள் நாடித்துடிப்பு போல 'உஸ் உஸ்' சத்தம்

உடல் எடை அதிகமுள்ள இளம்பெண்களுக்கு, மூளையில் கட்டி எதுவும் இல்லாமலேயே இந்த அழுத்தம் கூடலாம். எடைக் குறைப்பு, மாத்திரை மூலமே பலருக்கும் கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் பார்வையே நிரந்தரமாகப் போகலாம்.

கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்தால் இந்த வீக்கம் தெரியாது. தலைவலி தொடர்ந்தால், கண் டாக்டரிடம் 'நரம்பையும் பார்த்துடுங்க டாக்டர்' என்று கேட்டுவிடுங்கள்.